கஞ்சி போட்ட ஏப்ரனும் ஆரஞ்சுக் கூரையும்: அமெரிக்க டைனர்கள், பரிமாறிய பெண்களின் சீருடைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சியில் குடியிருக்கிறேன். பழைய துணிக் கடைகளில் டைனர் சீருடைகளைத் தேடி வாங்கிச் சேர்த்து வருகிறேன். வீட்டுக்கு வருபவர்கள் அலமாரியைத் திறந்து பார்த்ததும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

டைனர் என்றால் என்ன? சாலையோர ஓட்டல் எல்லாமே டைனர்தானா?

இல்லை. நீளமான ஒரு கவுண்டர், அதன் முன்னால் தரையோடு பதித்த சுழல் ஸ்டூல்கள், ஜன்னலோரம் எதிரெதிராகச் சாய்ந்து உட்காரும் இருக்கைகள், கண்ணெதிரே முட்டை பொரியும் இரும்புத் தட்டு. எந்த நேரம் போனாலும் காலை உணவு கிடைக்கும். இதுதான் டைனர்.

இதன் தொடக்கம் ஒரு குதிரை வண்டி. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 1872இல் வால்டர் ஸ்காட் என்பவர், மற்ற கடைகள் மூடிய பிறகு இரவு வேலை பார்க்கும் செய்தித்தாள் ஊழியர்களுக்கு வண்டியிலிருந்து சாண்ட்விச்சும், ‘பை’ (pie) எனும் அடைத்துச் சுட்ட பண்டமும், காபியும் விற்றார். அப்புறம் வண்டிக்குள்ளேயே ஆட்கள் நின்று சாப்பிட இடம் வந்தது, ஸ்டூல் வந்தது, சக்கரம் போனது.

அது ஏன் ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது?

பழைய ரயில் பெட்டியைத் திருத்திக் கட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். டிராம் வண்டிகளை அப்படி மாற்றியதும் உண்டு. ஆனால் பெரும்பாலான டைனர்கள் தொழிற்சாலையில் டைனராகவே செய்யப்பட்டவை. மாசசூசெட்ஸில் உஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி 1906 முதல் செய்தது. நியூஜெர்சியில் ஜெர்ரி ஓமஹோனி 1913இல் தொடங்கினார். அடுப்பு, ஸ்டூல், ஓடு எல்லாம் பொருத்தி முடித்து, சாலை வழியாகவோ ரயிலிலோ கொண்டுபோய் இறக்குவார்கள். கொண்டுபோகும் வழியில் கொள்ள வேண்டும் என்பதால் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கும். பளபளக்கும் எஃகுத் தகடு 1930களில் சேர்ந்தது. விரைவு ரயில்கள் அந்த வடிவத்தில் ஓடிய காலம் அது.

பெண்கள் சீருடை போட்டுப் பரிமாறத் தொடங்கியது டைனர்களிலா?

அதற்கு முன்பே, ரயில் நிலையங்களில். என் அலமாரியில் உள்ள எந்தச் சீருடைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃப்ரெட் ஹார்வி 1835இல் லண்டனில் பிறந்தவர். பதின்ம வயதில் நியூயார்க் வந்து, ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். பிறகு ரயில் நிறுவன வேலையில் ஊர் ஊராகப் பயணம் செய்தார். அந்தக் காலத்தில் மேற்குப் பக்கம் ரயிலில் போவோருக்குச் சாப்பாடு பெரிய அவதி. வண்டி சிறிது நேரம்தான் நிற்கும். கெட்டுப்போன இறைச்சியும் ஆறிப்போன காபியும் மேசைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். கொடுத்த காசு போனதுதான். வண்டி ஏறியவர் திரும்பி வரப்போவதில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும்.

ஹார்வி 1876இல் சாண்டா ஃபே ரயில் நிறுவனத்தோடு பேசி, கன்சாஸின் டொப்பீகா நிலையத்தில் முதல் உணவகத்தைத் திறந்தார். எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தந்தி மூலம் நிலையத்துக்குப் போய்விடும். வண்டி வந்து நிற்கும்போது முதல் தட்டு மேசையில் தயாராக இருக்கும். வெள்ளை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, புதுசாகப் போட்ட காபி. பாதையில் அடுத்தடுத்து இதே தரத்தில் உணவகங்கள் முளைத்தன. அமெரிக்காவின் முதல் சங்கிலி உணவகம் என்று இதைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

1883இல் நியூ மெக்சிகோவின் ராட்டன் உணவகத்தில் பரிமாறிய ஆண்கள் அடிதடியில் இறங்கியதில் எல்லோரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. புதிய மேலாளர் டாம் கேபிள், பெண்களை வைத்துப் பார்க்கலாம் என்றார். 18 முதல் 30 வயதுள்ள, நல்ல ஒழுக்கமும் அறிவும் கொண்ட இளம்பெண்கள் தேவை என்று கிழக்கு மாநிலச் செய்தித்தாள்களில் விளம்பரம் வந்தது. மாதம் 17.50 டாலர் சம்பளம், அதோடு டிப்ஸ், தங்குமிடம், சாப்பாடு, ரயிலில் போய்வர இலவசச் சீட்டு. குறிப்பிட்ட காலம் வரை திருமணம் செய்துகொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரவு குறித்த நேரத்துக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும்.

கட்டுப்பாடுகள் கடுமைதான். ஆனாலும் பண்ணை வீட்டில் பிறந்த ஒரு பெண், தனியாக ரயில் ஏறி, சொந்தமாகச் சம்பாதித்து, வீட்டுக்கும் பணம் அனுப்ப முடிந்தது. 1880களில் அவளுக்கு அப்படி எத்தனை வழிகள் இருந்தன?

அவர்கள் போட்ட சீருடை எப்படி இருந்தது?

கணுக்கால் வரை கருப்பு கவுன். கருப்புக் காலுறை, கருப்புக் காலணி. கழுத்தை ஒட்டி வெள்ளைக் காலர். அதன் மேல் மார்பையும் பாவாடையையும் மறைக்கும், மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன். தலைமுடியில் வெள்ளை ரிப்பன். நகை கூடாது, முகப்பூச்சு கூடாது, சூயிங்கம் கூடாது.

ஏப்ரனில் ஒரு சொட்டுக் கறை பட்டாலும் உடனே போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். நிலக்கரி எஞ்சின் புகை விடும் தூசி ஊரில் இதை நினைத்துப் பாருங்கள். அழுக்குத் துணிகளை ரயிலிலேயே ஏற்றி அனுப்பி வெளுத்து வாங்கியும் இருக்கிறார்கள். கன்சாஸின் நியூட்டனில் நிறுவனத்துக்குச் சொந்தமாகச் சலவையகம் இருந்தது.

இதில் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏப்ரன் வாய் திறவாமல் ஒன்றைச் சொன்னது: எங்கள் சமையலறை இவ்வளவு சுத்தம், பயப்படாமல் சாப்பிடலாம். முன்பின் தெரியாத ஊரில் இறங்கும் வழிப்போக்கருக்கு நிறுவனம் கொடுத்த வாக்கு அது. அந்த வாக்கைக் காலை முதல் இரவு வரை உடம்பில் சுமந்தவர்கள் பெண்கள். பின்னால் வந்த எல்லாச் சங்கிலி உணவகங்களின் சீருடையையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

சாப்பிட வருபவருக்கும் ஒரு சீருடை இருந்தது என்றே சொல்லலாம். ஹார்வியின் சாப்பாட்டு அறையில் ஆண்கள் கோட்டு அணிய வேண்டும். இல்லாதவருக்கு அல்பாக்கா துணியில் தைத்த கோட்டு அங்கேயே தரப்படும். ஒக்லஹோமாவில் இந்த விதி வழக்காகி மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1924இல் நீதிமன்றம் ஹார்வி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கோப்பையைத் திருப்பி வைக்கும் ரகசியக் குறி உண்மையா?

உண்மை. ஒரு பெண் வந்து என்ன குடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, கோப்பையைக் கொஞ்சம் மாற்றி வைத்துவிட்டுப் போவார். நேராக இருந்தால் காபி. கவிழ்த்து வைத்தால் சூடான தேநீர். கவிழ்த்து, தட்டில் சாய்த்து வைத்தால் ஐஸ் டீ. கவிழ்த்துத் தட்டை விட்டுத் தள்ளி வைத்தால் பால். அடுத்து வருபவர் எதுவும் கேட்காமலேயே சரியானதை ஊற்றுவார். சாப்பிடுபவர் கோப்பையை விளையாட்டாக நகர்த்திவிட்டால் எல்லாம் குழம்பிவிடும் என்பது வேறு விஷயம்.

டைனர்களில் பெண்கள் எப்போது வந்தார்கள்?

தாமதமாகத்தான். டைனர் முதலில் ஆண்களின் இடம். சமைப்பவரே பரிமாறுவார், பெண்கள் சாப்பிட வருவதே அபூர்வம். 1920களில் பெண்களையும் குடும்பங்களையும் இழுப்பதற்காக ‘பெண்கள் வரலாம்’ என்று பலகை வைத்தார்கள். ஏறி உட்காரச் சங்கடமான ஸ்டூல்களோடு மேசையும் சாய்வு இருக்கையும் சேர்த்தார்கள். கவுண்டருக்குப் பின்னால் பெண்கள் பெருமளவில் வந்தது இரண்டாம் உலகப் போரின்போது, ஆண்கள் படைக்குப் போன பிறகு. போர் முடிந்தும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். ‘டைனர் என்றால் பரிமாறும் பெண்’ என்று இன்று நம் மனதில் இருக்கும் படம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

வெள்ளை நிறம் ஏன்? பிறகு இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும் வந்தது எப்படி?

1906இல் அப்டன் சின்க்ளேர் எழுதிய ஒரு நாவல் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசுத்தத்தை வெளியே கொண்டுவந்தது. அரைத்த இறைச்சி என்றாலே மக்கள் முகம் சுளித்தார்கள். கன்சாஸின் விச்சிட்டாவில் 1921இல் தொடங்கிய ஒயிட் காசில், 5 சென்ட் ஹாம்பர்கரை விற்பதற்காகக் கட்டடம், சுவர், ஆளின் உடை எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. பெயரிலேயே வெள்ளை. 1932இல் காகிதத் தொப்பி செய்யத் தனி நிறுவனமே தொடங்கினார்கள். தினம் ஒரு புதுத் தொப்பி, அழுக்குக்கு இடமே இல்லை.

ஆனால் முழு வெள்ளை போட்டால் செவிலியர் போலவும், கருப்பு வெள்ளை போட்டால் பணக்கார வீட்டு வேலையாள் போலவும் தெரியும். 1930களுக்குப் பிறகு சங்கிலிகள் தங்களுக்கென்று நிறம் தேடியதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அடிப்படை அமைப்பு மட்டும் மாறவில்லை: வெளிர் நிற உடல், வெள்ளைக் காலர், வெள்ளைக் கைப்பட்டி. சீக்கிரம் அழுக்காகும் இடங்கள் கழுத்தும் மணிக்கட்டும். பல சீருடைகளில் அவற்றை மட்டும் கழற்றித் துவைத்துக் கஞ்சி போடலாம்.

ஹோவர்ட் ஜான்சன் என்ற பெயர் எல்லா இடத்திலும் வருகிறதே, யார் அவர்?

மாசசூசெட்ஸின் குவின்சி நகரில் 1925இல் ஒரு மருந்துக் கடையை எடுத்து நடத்தியவர். கடைக்குள்ளே சோடா, ஐஸ்கிரீம் விற்கும் கவுண்டர் இருந்தது. கொழுப்பு அதிகம் சேர்த்து ஐஸ்கிரீம் செய்தார், நன்றாக விற்றது. 28 சுவைகள் என்பது அவர் கடையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1935இல் கேப் காட் பகுதியின் ஆர்லியன்ஸில் இன்னொருவர் நடத்தும் உணவகத்துக்குத் தன் பெயரையும் பொருளையும் தந்தார். பணம் அவருடையது, பெயர் இவருடையது. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஃபிராஞ்சைஸ் முறையை உணவகத் தொழிலில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். காரில் வேகமாக வருபவர் கண்ணில் தூரத்திலேயே படுவதற்காக ஆரஞ்சு நிறக் கூரை. 1940இல் பென்சில்வேனியா கட்டணச் சாலை திறந்தபோது அதன் ஓய்விடங்களில் உணவகம் நடத்தும் உரிமை அவருக்குக் கிடைத்தது. போரில் பெட்ரோல் பங்கீடு வந்ததும் சாலைகள் வெறிச்சோடி, இருநூறு வரை இருந்த கடைகள் பன்னிரண்டாகச் சுருங்கின. போர் முடிந்ததும் மீண்டும் எழுந்தார். 1970களில் ஏறத்தாழ 1,000 உணவகங்கள்.

தட்டில் எந்தப் பக்கம் என்ன வைக்க வேண்டும், பரிமாறும் பெண் எப்படி நிற்க வேண்டும் என்பது வரை விதிப்புத்தகம் இருந்தது. வறுத்த சிப்பி மெயின் மாநிலத்திலும் ஃபுளோரிடாவிலும் ஒரே ருசியில் இருக்க வேண்டும் என்பதற்காக மையச் சமையலறையில் தயாரித்து அனுப்பினார்கள். ஜாக் பெப்பான் என்ற பிரெஞ்சுச் சமையல் கலைஞர், கென்னடியின் வெள்ளை மாளிகையில் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு 1960களில் ஹோவர்ட் ஜான்சன் சமையலறையில் வேலை செய்தார். நெடுஞ்சாலைச் சாப்பாடுதானே என்று அலட்சியமாகப் பேசுபவர்களிடம் நான் இதைச் சொல்வது வழக்கம்.

அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததா?

இல்லை. இதைச் சொல்லாமல் ஆரஞ்சுக் கூரையை மட்டும் நினைத்து உருகுவது சரியில்லை.

1957 அக்டோபரில் கானா நாட்டு நிதியமைச்சர் கோம்லா பெடெமா, டெலவேர் மாநிலத்தின் டோவரில் ஒரு ஹோவர்ட் ஜான்சன் உணவகத்தில் ஆரஞ்சுச் சாறு கேட்டார். வாங்கிக்கொண்டு போகலாம், கருப்பினத்தவர் உள்ளே உட்கார்ந்து குடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். செய்தி உலகம் முழுவதும் பரவியது. அதிபர் ஐசனோவர் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் காலை உணவு கொடுத்தார். நாட்டின் அமைச்சருக்கே இந்த நிலை என்றால் பெயர் தெரியாத பயணிகளின் நிலை என்ன? 1962இல் நெடுஞ்சாலைச் சங்கிலி உணவகங்களின் முன் போராட்டங்கள் நடந்தன. வடக்கு கரோலினாவில் ஹோவர்ட் ஜான்சன் கடைகள் முக்கிய இலக்காக இருந்தன. 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகே இந்தப் பாகுபாடு சட்டப்படி முடிவுக்கு வந்தது.

சீருடை போடும் வாய்ப்பிலும் இதே கோடு இருந்தது. ஹார்வியின் பெண்கள் நீண்ட காலம் பெரும்பாலும் வெள்ளையர். நியூ மெக்சிகோ பக்கம் ஸ்பானிய மரபினரும் பூர்வகுடிப் பெண்களும் கூடுதலாகச் சேர்ந்தது இரண்டாம் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு வந்தபோது.

சம்பளம் எப்படி? யாராவது அவர்களுக்காகப் போராடினார்களா?

அவர்களே போராடினார்கள். சியாட்டிலில் 1900இல் ஆலிஸ் லார்ட் என்ற பரிமாறும் பெண் தன்னுடன் வேலை செய்தவர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்குப் போய் வாதாடியதன் பலனாக, 1911இல் வாஷிங்டன் மாநிலத்தில் பெண்களுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது.

நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938இல் வந்தும் உணவகப் பெண்களுக்கு அது கிட்டவில்லை. 1966இல் சேர்த்தபோதும் டிப்ஸைக் கணக்கில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு இடம் கொடுத்தார்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கான மத்திய அரசின் அடிப்படைக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. சில மாநிலங்கள் கூடுதலாக வைத்திருக்கின்றன. இங்கே டைனரில் சாப்பிட்டால் டிப்ஸ் வைக்காமல் எழுந்திருக்காதீர்கள். அதுதான் அவர்கள் வாடகை.

மார்புப் பையில் விசிறி போல மடித்த கைக்குட்டை எதற்கு?

1940, 50களின் படங்களில் பார்க்கலாம். பூ வேலை செய்த கைக்குட்டையைக் கஞ்சி போட்டு, விசிறியாக மடித்து, பையில் செருகி ஊசி குத்தியிருப்பார்கள். சில நேரம் அதன் மேலேயே பெயர் வில்லை. எல்லோரும் ஒரே உடுப்பில் நிற்கும்போது கைக்குட்டை மட்டும் அவரவர் விருப்பம். எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு.

ஒரு பழைய சீருடையின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளே திருப்பிப் பாருங்கள்.

துணியின் பெயர், விழுக்காடு அச்சிட்ட பட்டை இருந்தால் பெரும்பாலும் 1960க்குப் பிந்தியது. அந்த ஆண்டுதான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. துவைக்கும் முறை தைத்திருந்தால் 1972க்குப் பிந்தியது. தயாரிப்பாளர் முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963க்கு முன்பு போக வாய்ப்பில்லை. உலோக ஜிப் இருந்தால் 1960களுக்கு முந்தியதாக இருக்கலாம், நைலான் ஜிப் பிந்தியது.

துணியும் பேசும். கெட்டிப் பருத்தி என்றால் போருக்கு முன்பாகவோ சற்றுப் பின்பாகவோ இருக்கும். நைலானும் டேக்ரான் என்ற பாலியெஸ்டரும் 1950களில் வந்து, கஞ்சி, இஸ்திரி வேலையிலிருந்து பெண்களை மெல்ல விடுவித்தன.

நான் முதலில் பார்ப்பது பட்டனை. பழைய சீருடைகளில் இரண்டு பக்கமும் காஜா இருக்கும், பட்டன் தைத்திருக்காது. பின்பக்கம் சிறு கம்பி வளையத்தில் மாட்டியிருக்கும். சலவையகத்தின் இயந்திரத்தில் பட்டன் உடையாமல் இருக்க அதைக் கழற்றி எடுத்துவிட்டுத் துணியை அனுப்புவார்கள். வாங்கும்போது பட்டன் இல்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

அளவு எண்ணை நம்பாதீர்கள். அன்றைய 16 இன்றைய 16ஐவிடச் சின்னது. இஞ்சு டேப் எடுத்து அளந்து பாருங்கள்.

துவைக்கலாமா? எப்படி வைப்பது?

பருத்தியைக் குளிர்ந்த நீரில் மிருதுவான சோப்போடு ஊறவைத்து அலசுங்கள். குளோரின் வேண்டாம், பழைய நூல் இற்றுவிடும். நைலானில் சூடான இஸ்திரிப் பெட்டி வைத்தால் உருகும். கஞ்சி போட்டு மடித்து வைக்கவே கூடாது. இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. ஊசிகளை எடுத்துவிடுங்கள், துருக்கறை போகாது.

இவையெல்லாம் ஏன் மறைந்தன?

1948இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் காருக்கு வந்து பரிமாறும் பெண்களை நிறுத்திவிட்டு, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஜன்னல் வைத்தார்கள். 1956இன் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் புதிய விரைவுச் சாலைகளுக்கு வழி செய்தது. அவை ஊர்களுக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போயின. ஊர் நடுவே இருந்த டைனர்களைக் கடந்து போக யாருமில்லை. ஹோவர்ட் ஜான்சனின் கடைசி உணவகம் நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜில் 2022இல் மூடப்பட்டது.

1955இல் ஜார்ஜியாவில் தொடங்கிய வாஃபிள் ஹவுஸ் சங்கிலி இன்னும் கவுண்டர், ஸ்டூல், கண்ணெதிரே சமையல் என்று 24 மணி நேரமும் நடக்கிறது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

அரிசோனாவின் வின்ஸ்லோவில் லா பொசாடா. ஹார்வி நிறுவனத்துக்காக மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1930இல் திறந்த விடுதி இது. 1957இல் மூடி, இடிபடாமல் தப்பி, இன்று மீண்டும் விடுதியாக நடக்கிறது. மிச்சிகனின் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குள் 1946இல் உஸ்டரில் செய்த லேமிஸ் டைனர் இருக்கிறது. ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் உள்ள மாடர்ன் டைனர், தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் டைனர்.

நியூஜெர்சிக்கு வந்தால் தேடவே வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்கள் பான்கேக், சீஸ் வைத்து வாட்டிய ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு கேட்கலாம். உருளைக்கிழங்கு பன்றி இறைச்சி வாட்டிய அதே தட்டில் புரளும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய சீருடையில் யாரோ ஒருவருடைய பெயர் பின்னியிருக்கிறது. பிரித்துவிடலாமா?

வேண்டாம். நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களில் எத்தனை தட்டு விற்றது என்று இருக்கும், யார் கொண்டுவந்து வைத்தார் என்று இருக்காது. அந்தப் பெண்ணைப் பற்றி மிஞ்சியிருப்பது ஒருவேளை அந்தச் சிவப்பு நூல் மட்டும்தான். துவைக்கும்போது சாயம் இறங்கும் என்று பயமாக இருந்தால், ஈரத் துணியில் ஒற்றிப் பாருங்கள். நிறம் ஒட்டினால் பெயர் உள்ள பகுதியை நனைக்காமல் மற்ற இடத்தை மட்டும் பஞ்சால் துடைத்து எடுங்கள். இஸ்திரி போடும்போது பெயருக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள்.